சூளைக்குள் பால் காய்ச்சினோம்

மாட்டுக்கொட்டில்

“இன்னும் கொஞ்சம் இழுங்க்கா” என்று கொட்டிலின் எதிர்மூலையிலிருந்து சுந்தரம் கத்தினார். இழுத்தேன். அளவு நாடாவின் வளையம் என் விரலில் இருந்தது, இடது கால் கணுக்கால்வரை சாணத்தில் இருந்தது, ஒரு பசு என் பின்கழுத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. பழைய கட்டடங்களை அளக்கும் தொழிலில் கட்டடம் ஒன்றுதான் அசையாமல் நிற்கும். நாடாவின் நுனியை ஒரு நாளாவது பிடித்தவர்களுக்கு நான் இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. பிடிக்காதவர்கள் உங்கள் வீட்டு முன்னறையை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வராது, அன்று உங்களுக்கு நித்திரையும் வராது. பிறகு நீங்களும் எங்கள் கூட்டம்தான்.

இது எண்பதுகளின் நடுவில். ஆக்லாந்து நகர மையத்தில் பழைய கட்டடங்களை ஒன்றன்பின் ஒன்றாக இடித்துக் கண்ணாடிக் கோபுரங்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நாட்டுப்புறத்தில் மிச்சமிருப்பதையாவது அளந்து, படமெடுத்து, காப்பாற்ற வேண்டியவை எவை என்று சொல்லுங்கள் என ஒரு தற்காலிகத் திட்டத்தில் எங்களை அனுப்பினார்கள். மங்கரேக்கு அப்பால், மனுக்காவ் துறைமுகத்தின் சேற்றுக்கரையோரம், ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியாக இருந்த ஒரு பங்கு எங்கள் பொறுப்பில் வந்தது. ஒரு மரத் தேவாலயம், அதைச் சுற்றிப் பால்பண்ணைகள், கறுப்பு எரிமலைக்கல் மதில்கள், கைவிடப்பட்ட மாவு அரைக்கும் ஆலை ஒன்று, செங்கல் சூளை ஒன்று.

அந்தக் கொட்டிலின் மூலைவிட்டங்கள் ஒரு முழம் வேறுபட்டன. திரும்ப அளந்தோம். அதே ஒரு முழம். சுவரைத் தடவிக்கொண்டே போனபோது காரணம் கைக்கு அகப்பட்டது. ஒரு பக்கச் சுவர் மற்றவற்றைவிட மிகவும் பழையது, சாந்தில்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியது. யாரோ கட்டிவிட்டுப் போன பட்டியின் சுவரோடு, பின்னால் வந்தவர் தன் கொட்டிலை ஒட்டவைத்திருக்கிறார். ஒரு கட்டடத்தை அளக்க வந்த இடத்தில் இரண்டு. நான் சேற்றுக் காலோடு ஓடிப்போய், உங்கள் கொட்டில் ஒரு முழம் கோணல் என்று பண்ணைக்காரர் கீத்திடம் மூச்சுவாங்கச் சொன்னேன். அவர் கன்றுகளுக்கான பால் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “மாடுகளுக்கு அது தெரியாது. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.”

ஒரே மொழிக்காரர்

நான் மன்னாரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவள். குளக்கட்டும் தண்ணீர் திறந்துவிடும் துருசும் வரைந்து பழகிய கை. சுந்தரம் கோயம்புத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் அவர் பின்னால் வந்தவர். எங்கள் திட்டத்துக்குத் தலைவி மார்கரெட். ரப்பர் பூட்ஸைக் கழற்றி நான் பார்த்ததில்லை. நேர்முகத்தில் அவர் என் சான்றிதழ்களைப் புரட்டவில்லை. “உயரத்துக்குப் பயமா?” என்றார். இல்லை என்றேன். “எலி?” இல்லை. “நாய்?” நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பரவாயில்லை, அதைச் சுந்தரம் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி எங்களை ஒரு சோடியாகப் போட்டார். இருவருக்கும் ஒரே மொழி, நேரம் மிச்சம் என்பது அவர் கணக்கு.

முதல் நாள் ஒரு மதிலை அளந்தோம். “சுந்தரம், அங்கால போய் மதிலோட ஒட்டிப் பிடியும்” என்றேன். அவர் நின்றார். திரும்பவும் சொன்னேன். திரும்பவும் நின்றார். “அக்கா, நீங்க பேசறது பாட்டு மாதிரி காதுக்கு நல்லா இருக்குதுங்க. நான் எங்க போகோணும்னு மட்டும் சொல்லிருங்க” என்றார். “அதைத்தானே தம்பி இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு நிக்கிறன்” என்றேன். அப்போது பண்ணையின் பின்புறமிருந்து ஒரு கறுப்பு நாய் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக, ஒரே மதிலில் ஏறினோம். வாகனத்திலிருந்து இறங்கிய மார்கரெட் எங்களை அண்ணாந்து பார்த்தார். “நல்லது. உங்களுக்குள் மொழிச் சிக்கல் எதுவும் இல்லை.”

தரைக்கு அடியில்

தேவாலயத்தின் வெளிப்புறம் எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. மார்கரெட்டுக்குத் தேவைப்பட்டது அடிப்புறம். பீடத்துக்கு அருகில் ஒரு பலகையைத் தூக்கி, டோர்ச்சோடு நான் முன்னாலும் கமராவோடு சுந்தரம் பின்னாலுமாக இறங்கினோம். தவழத்தான் முடியும். சிலந்திவலையை முகத்தால் துடைத்துக்கொண்டு போனபோது தூலமும் தூணும் சேரும் இடத்தில் உளியால் வெட்டிய கோடுகளைக் கண்டேன். தூணில் மூன்று கோடு, அதில் பொருந்திய தூலத்திலும் மூன்று கோடு. அடுத்ததில் நான்கும் நான்கும். எனக்குத் தலை மேலே தரைப்பலகையில் இடித்தது. இந்தத் தேவாலயத்தை இங்கே கட்டவில்லை. எங்கோ ஒரு தச்சுப்பட்டறையில் அறுத்து, பூட்டிப் பார்த்து, அடையாளம் வெட்டி, கழற்றிப் படகில் ஏற்றி வந்து, இந்தக் கரையில் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

“தம்பி, இது படகில வந்த கோயில்” என்றேன். “இருங்க்கா, அதோ அந்தப் பக்கம் ஏழு கோட்டுத் தூலத்தை ஆறாம் தூணுல சொருகி வச்சிருக்கானுங்க” என்றார் சுந்தரம். போய்ப் பார்த்தால் உண்மை. ஒரு தச்சன் அவசரத்தில் மாற்றிப் பூட்டி, பொருந்தாத இடத்தில் ஒரு ஆப்பு அடித்துவிட்டுப் போயிருக்கிறான். ஆப்பு இன்னும் அசையவில்லை. நாங்கள் இருவரும் படுத்தபடியே உரத்துப் பேசிச் சிரித்தோம். மேலே யாரோ நடப்பது கேட்டது, பிறகு நடை நின்றது. ஞாயிறு வழிபாட்டுக்குப் பூ அடுக்க வந்த ஒரு அம்மா, திறந்திருந்த பலகை வழியாக மெல்லக் குனிந்து, இருட்டைப் பார்த்துக் கேட்டார்: “மன்னிக்க வேண்டும். நீங்கள் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்களா, அல்லது முன்பு சேர்ந்திருந்தவர்களா?”

நோலாவின் களம்

செங்கல் களத்துக்குப் போன அன்று எங்களை வரவேற்ற கைகள் முழங்கைவரை களிமண்ணாக இருந்தன. நோலாவுக்கு ஐம்பது வயதிருக்கும். செங்கல் அறுப்பது நின்று எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, கல் காயவைத்த நீளக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு சின்ன மின்சூளையை வைத்துக்கொண்டு பூந்தொட்டி செய்து தோட்டக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். கொட்டகைக்குப் பின்னால் பழைய பெரிய சூளை, வட்டமாக, கவிழ்த்த பானைபோல் இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, நீர்க்கரைப் பக்கமாகச் செங்கல் சிம்னி.

நிலத்தின் சொந்தக்காரருக்கு அதை விற்க வேண்டும். விமான நிலையத்துக்கு வரும் சரக்கை வைக்கக் களஞ்சியம் கட்ட ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. சிம்னி ஆபத்தானது என்று உள்ளூர்க் கட்டடப் பரிசோதகரும் சந்தேகப்பட்டார். சிம்னியை நீர்ப்பக்கம் விழுத்த முடியாது, கொட்டகைப் பக்கம்தான் விழுத்தலாம். அதற்கு முதலில் கொட்டகையை அகற்ற வேண்டும். கொட்டகை போனால் நோலாவுக்குத் தொழில் இல்லை, அவர் கொடுக்கக்கூடிய வாடகைக்கு வேறு இடமும் இல்லை. அதை அவர் எங்களுக்கு ஒரே மூச்சில், தொட்டி ஒன்றின் விளிம்பை வழித்துக்கொண்டே சொன்னார். இதன் கீழே வேலை செய்யப் பயமில்லையா என்று சுந்தரம் சிம்னியைக் காட்டிக் கேட்டார். “நான் வருவதற்கு முன்பே அது நின்றுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் விழ அதற்கு என்ன அவசரம்?”

ஒரு சுருள்

சூளைக்குள் போகக் குனிய வேண்டும். உள்ளே போய் நிமிர்ந்தோம். சுவரிலிருந்து குவிகூரைவரை முழுவதும் பளபளத்தது. இங்கே ஒரு காலத்தில் வடிகால் குழாய்களும் சுட்டிருக்கிறார்கள். குழாய்க்கு மெருகேற, நெருப்பு உச்சத்தில் இருக்கும்போது உப்பை அள்ளி எறிவார்களாம். ஒவ்வொரு சூட்டுக்கும் சூளையின் சுவரிலும் கொஞ்சம் மெருகு படிந்திருக்கிறது. இப்போது அது வெல்லப்பாகு ஊற்றி உறைந்ததுபோல், செங்கல்லை மூடி, கூரையிலிருந்து துளித்துளியாகத் தொங்கியது. டோர்ச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு நிறம். நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், அளக்கவில்லை.

நோலா வாசலில் நின்று விளக்கினார். சுற்றிலும் வெளியே அடுப்புகள். நெருப்பு மேலே கூரையைத் தொட்டு, அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்கி, தரையில் உள்ள துளைகளுக்குள் போய், நிலத்தடிப் புகைவழியால் சிம்னிக்குப் போகும். சிம்னி இழுத்தால்தான் இதெல்லாம் நடக்கும். மேலே போகிற நெருப்பைக் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சுந்தரம் ஃபிளாஷ் பல்பு சூடாகும்வரை எடுத்தார். அடுத்த வாரம் பிரதிகளைப் பார்த்த மார்கரெட், ஒரே சூளைக்கு ஒரு முழுச் சுருளா, கலியாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு எடுப்பதில்லையே என்றார். சுந்தரம் எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னார்: “இந்தம்மா நம்மூரு கல்யாணத்தைப் பார்த்ததில்லைங்க.”

குசினி ஜன்னல்

எங்கள் வீடு ஹில்ஸ்பரோவில் மேட்டில் இருந்தது. சமைக்கும்போது குசினி ஜன்னலால் பார்த்தால் துறைமுகத்து நீர், அக்கரையில் மங்கரே மலை. வானம் தெளிவாக இருந்தால் அதற்கும் அப்பால் நோலாவின் சிம்னி, நட்டுவைத்த தீக்குச்சி அளவில். அதை ஒருமுறை கண்டுபிடித்த பிறகு நான் கோப்பை கழுவும் நேரம் கூடிவிட்டது. என் கணவர் அமலன் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. நான் உப்பு மெருகைப் பற்றியும் நிலத்தடிப் புகைவழியைப் பற்றியும் சோறு ஆறும்வரை கதைத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு துவாயில் கையைத் துடைத்தபடி சொன்னார்: “ஓமப்பா, நல்ல விஷயம்தான். ஆனா உங்கட சூளை போனால்தான் எங்கட சாமான் மழையில நனையாது.”

டக்ளஸ்

கட்டடப் பரிசோதகர் டக்ளஸை நான் வில்லனாக எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் மெலிந்த, கவலையான மனிதர், சட்டைப்பையில் மூன்று பென்சில். சிம்னியைச் சுற்றி வந்தார். நான் தூக்குக்குண்டும் கோணம் அளக்கும் தியோடலைட்டும் வைத்து அளந்திருந்ததைக் காட்டினேன். சிம்னி சாயவில்லை. என் தாளை இரண்டு முறை பார்த்து, அளவு சரி என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அவர் பூட்ஸால் தரையைத் தட்டினார்.

அவருடைய பயம் கீழே இருந்தது. சூளையிலிருந்து சிம்னிவரை போகும் அந்தப் புகைவழி உள்ளே இடிந்து அடைத்திருக்கும் என்று அவர் நினைத்தார். அடிவாரம் குழியாகிவிட்டால் இன்று நேராக நிற்கும் சிம்னி நாளைக்கு நிற்காது. டோர்ச்சைத் தரைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார், கரும் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தோண்டிப் பார்க்கலாமே என்றேன். தோண்டினால் அதுவே இடியும் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து முடிவைச் சொல்வதாகவும் அதற்குள் யாராவது வேறு வழி காட்டினால் கேட்பதாகவும் சொன்னார். நோலா அவருக்குத் தேநீர் கொடுத்தார். அவர் அதைக் குடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: “என் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைச் சரியென்று நான் எழுத மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.”

கிழக்கு

வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. இடிப்பதானால் இடிப்பதற்கு முன்பு சூளையை உள்ளிருந்து முழுதாக வரைந்துவிட வேண்டும் என்றார் மார்கரெட். ஒரு வாரம் சூளைக்குள்ளேயே மேசை போட்டு வேலை. சுந்தரத்தின் யோசனைப்படி வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினோம், நல்ல நாள் என்று. டக்ளஸ் பிற்பகலில்தான் வருவார். நான் வரைபலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையப் போனேன். சுந்தரம் வழிமறித்தார். அவர் கையில் ஒரு பித்தளைச் செம்பும் ஒரு போத்தல் பாலும் இருந்தன.

“ஒரு வாரம் உக்காந்து வேலை செய்யப்போற எடமுங்க. பால் காய்ச்சாம எப்படிங்க்கா உள்ள போறது?”

“தம்பி, நான் வேதக்காரி. மாதா கோயிலுக்குப் போறவள்.”

“நீங்க காய்ச்ச மாட்டீங்களாங்க?”

காய்ச்சுவோம். புது வீட்டுக்குப் போனால் சாமியார் வந்து மந்திரித்த பிறகு எங்களிலும் பால் காய்ச்சுவதுண்டு. இங்கே சாமியார் இல்லை, பால் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது மார்கரெட்டின் விதி. ஆனால் சூளைக்குள் நெருப்பு வைக்கக் கூடாது என்று யாருக்குத்தான் தோன்றும்? கிழக்கு எது என்று சுந்தரம் கேட்டார். நான் அளவைக் கொம்பாஸை எடுத்து வைத்து, காந்த வடக்கும் உண்மையான வடக்கும் இந்த ஊரில் நிறைய விலகும், எதை எடுக்கட்டும் என்றேன். “சாமிக்கு உண்மையானதையே எடுங்க” என்றார். “எந்தச் சாமிக்கு?” “கிழக்கு எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க.”

நடுத்தரையில் மூன்று செங்கல் வைத்துவிட்டு விறகு கேட்க நோலாவிடம் போனேன். ஏன் என்று கேட்டார். புதிய இடத்தில் குடியேறும்போது பால் பொங்கவைப்பது எங்கள் வழக்கம் என்றேன். அவர் ஒரு உடைந்த பலகைத் தட்டைக் காலால் மிதித்து முறித்து, சுள்ளிகளைச் சேர்த்து என் கைகளில் அடுக்கினார். கடைசிச் சுள்ளியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார்: “வெளியேறும்போது என்ன காய்ச்சுவீர்கள்?”

பொங்கியது

அதற்கு எங்களிடம் வழக்கம் எதுவும் இல்லை. மன்னாரிலிருந்து புறப்பட்ட அன்று அடுப்பில் தண்ணீர் ஊற்றியது மட்டும் ஞாபகம். நான் கடைசிச் சுள்ளியையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

முதலில் புகைதான் வந்தது. தென்மேற்குக் காற்று வாசலால் நுழைந்து அதைச் சுழற்றியது. சூளைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. “போதுமுங்க்கா, பொங்காட்டிப் பரவால்லீங்க, சாமி புரிஞ்சுக்கும்” என்று சுந்தரம் இருமினார். “பொங்காமல் இறக்கக் கூடாது” என்று நான் அதட்டினேன். வேதக்காரி அப்படிச் சொன்னதை அவர் பிறகு பல வீடுகளில் சொல்லிச் சிரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு போய், வாசலோரம் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய பலகைக் கதவை இழுத்து வாசலை அடைத்தேன். திரும்பி வந்து மிச்ச விறகையும் வைத்தேன்.

காற்று நின்றதும் புகை மேலே போய்க் கூரையின் குவிவில் திரண்டது. சற்று நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. நான் முதலில் நம்பவில்லை. புகை என் நெற்றியைக் கடந்து, தோளைக் கடந்து, முழங்காலுக்குப் போய், தரையோடு படர்ந்து, துளைகளுக்குள் வடிந்தது. தொட்டியில் அடைப்பை எடுத்ததும் தண்ணீர் சுழன்று போகுமே, அப்படி. எல்லாத் துளையிலும். நெருப்பு ஒருமுறை உறுமியது, பால் விளிம்பு தாண்டி உண்மையான கிழக்கில் வழிந்தது, சுந்தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இழுக்குது” என்றேன். “என்னங்க்கா?” “சிம்னி இழுக்குது. வழி அடைக்கேல்ல. தம்பி, வழி அடைக்கேல்ல.” கதவுக்கு வெளியே நோலாவின் குரல் கேட்டது. அவர் கத்தவில்லை, யாரிடமோ விசாரிப்பதுபோல் கேட்டார்: “சிம்னியில் புகை வருகிறது. அது உங்கள் பாலா?”

சிவப்பு வண்டி

நாட்டுப்புறத்தில் நெருப்பணைப்பவர்கள் பண்ணைக்காரர்கள்தான். மணி அடித்ததும் கறவையை விட்டுவிட்டு வருவார்கள். சிவப்பு வண்டியிலிருந்து முதலில் குதித்தவர் கீத். தலைக்கவசத்தின் கீழ் அவர் முகம் கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தது. செங்கல் களத்துச் சிம்னி புகைகிறது என்று மனைவி சொன்னபோது, கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னாராம். வண்டிக்குப் பின்னால் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. அதிலிருந்து டக்ளஸ் இறங்கினார், சொன்ன நேரத்துக்கு முன்பே. அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சிம்னியின் உச்சியைப் பார்த்தார். வெள்ளைப் புகை அங்கே காற்றில் வளைந்து துறைமுகத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சுந்தரம் செய்ய வேண்டியதைச் செய்தார். பாலில் சீனியும் தட்டிய ஏலக்காயும் போட்டு, நோலாவின் கோப்பைகளில் ஊற்றி, நெருப்பணைக்க வந்தவர்களுக்கு வரிசையாகக் கொடுத்தார். காய்ச்சினால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் குழாயை ஒரு கையில் பிடித்தபடி குடித்தார்கள். டக்ளஸ் தன் கோப்பையை வாங்கிச் சுவரில் வைத்துவிட்டுச் சூளைக்குள் குனிந்து போனார். நாங்கள் பின்னால் போனோம். பத்திரிகைத் தாள் ஒன்றைக் கிழித்து ஒரு தரைத் துளையின் மேல் வைத்தார். தாள் சப்பென்று ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து அடுத்த துளையில் வைத்தார். அங்கேயும் ஒட்டியது. அவர் முழங்காலிலேயே நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மார்கரெட்டின் விதி எனக்கு அப்போதுதான் முழுதாக ஞாபகம் வந்தது. டக்ளஸ் சொன்னார்: “இங்கே நெருப்பு மூட்டியதற்கு உங்கள் இருவர்மீதும் நான் புகார் எழுத வேண்டும். முதலில் இன்னும் கொஞ்சம் விறகு போடுங்கள்.”

புகையின் பின்னால்

விறகோடு ஈரச் சாக்கும் போடச் சொன்னார். அடர்த்தியான, மஞ்சள் புகை. பிறகு வெளியே வந்து, புகைவழி போகும் தடத்தின் மேல், சூளையிலிருந்து சிம்னிவரை, புல்லைப் பார்த்துக்கொண்டே அடிமேல் அடி வைத்து நடந்தார். கீழே வெடிப்பிருந்தால் புகை மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். அவருக்குப் பின்னால் நோலா, நோலாவுக்குப் பின்னால் நான், சுந்தரம், கீத், தலைக்கவசம் போட்ட மற்றவர்கள். எங்களூரில் திருநாளன்று மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதுபோல் போனோம். நோலா கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். விரல்களில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது.

கொட்டகையின் மூலைக்கு அருகில் டக்ளஸ் நின்றார். புல்லுக்கு இடையிலிருந்து நூல்போல் ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது. அவர் பூட்ஸை வைத்தார், நின்றது. எடுத்தார், வந்தது. நோலா என் கையைப் பிடித்தார். டக்ளஸ் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு மேற்கொண்டு நடந்தார். சிம்னியின் அடிவரை போனார், அதைச் சுற்றினார், திரும்பி வந்தார். வேறெங்கும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, முனையைப் பார்த்து, அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். “அந்தக் கல் இருக்கும் இடத்தில் மட்டும் திறந்து பூச வேண்டும். மற்றது என்னைவிட நல்ல நிலையில் இருக்கிறது.”

மிச்சப் பால்

மார்கரெட் வந்து சேர்ந்தபோது சிவப்பு வண்டி இன்னும் நின்றது. அவர் வண்டியைப் பார்த்தார், சிம்னியைப் பார்த்தார், எங்கள் கரி படிந்த முகங்களைப் பார்த்தார். டக்ளஸ் அவரைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கதைத்தார். நான் வேலை போய்விட்டது என்றே நினைத்து, அமலனிடம் எப்படிச் சொல்வதென்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன். திரும்பி வந்த மார்கரெட் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். “நெருப்பைப் பற்றி நான் எதுவும் கேள்விப்படவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் இருக்கிறதா?”

அடுத்த மாதங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபத்து என்ற காரணம் போய்விட்டது. சூளையும் சிம்னியும் கொட்டகையும் சேர்ந்து காப்பாற்ற வேண்டியவற்றில் இடம்பெற்றன. களஞ்சியம் கட்டக் கேட்டவர்கள் வேறு நிலம் பார்த்தார்கள். சொந்தக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நோலாவுக்குக் குத்தகையைப் புதுப்பித்தார். அமலனின் நிறுவனத்துச் சாமான் இன்னும் ஒரு மழைக்காலம் நனைந்தது. அந்தப் பங்கில் நான் வரைந்த படங்கள் இரண்டு அலுமாரி நிறைய இருக்கும், அத்தனையும் சேர்ந்து செய்யாததை ஒரு போத்தல் பால் செய்தது என்பதை, இந்தத் தொழிலில் இருக்கும் நீங்கள் மேலதிகாரிகளுக்குச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டு வாகனங்களை நோக்கிப் போனோம். கீத் சுந்தரத்திடம் பாலில் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். ஏலக்காய் என்பதைச் சுந்தரம் ஆங்கிலத்தில் தேடினார். நோலா எங்களுக்காகக் களத்தின் வாசற்கதவைத் திறந்து பிடித்திருந்தார். கடைசி வண்டியும் வெளியே வந்ததும், நிலத்தில் கிடந்த ஒரு அரைச் செங்கல்லை எடுத்து, கதவின் கீல் ஆணி வெளியே தள்ளியிருந்த இடத்தில் நாலு தட்டுத் தட்டி, அதை மரத்துக்குள் இறக்கினார்.